படகு விதிகள்: எதை அமல்படுத்துவது, எதை மாற்றி எழுதுவது?

ஆறு, ஏரி, காயல்களில் பயணிகளை ஏற்றும் படகுகளுக்கு இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 1917-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்கு மாற்றாக 2021-இல் புதிய சட்டமே வந்துவிட்டது. இயந்திரப் படகைப் பதிவு செய்ய வேண்டும், ஆய்வாளரின் சான்று பெற வேண்டும், சான்றில் கண்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது, உயிர்காப்புக் கருவிகள் இருக்க வேண்டும் என்பவை அதன் சாரம். ஆனாலும் விடுமுறை நாளில் எந்தப் படகுத்துறைக்குப் போனாலும் இவற்றில் ஒன்றிரண்டாவது மீறப்படுவதைக் காணலாம். பெரிய விபத்து நடந்த வாரத்தில் மட்டும் கெடுபிடி இருக்கும்.

விபத்துகளோ ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் இறந்தனர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டு தளங்கள் கொண்ட சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரி 22 பேரைக் கொண்டுபோனது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர் இறந்தனர். அந்தப் படகு சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டதே அல்ல. மீன்பிடிப் படகொன்றை மாற்றியமைத்து, அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டியிருக்கிறார்கள்.

கூடுதலாக இருபது பேர் ஏறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. படகு சற்றுச் சாயும்போது, நீரில் அதிகம் அமிழ்ந்த பக்கத்தைத் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும். படகு நிமிர்வது அதனால்தான். மொத்த எடையின் மையம் தாழ்வாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு குலையாது. மேல்தளத்தில் கூட்டம் சேரச் சேர அந்த மையம் உயரும். ஓர் அளவைத் தாண்டினால், நிமிர்த்த வேண்டிய சாய்வே கவிழ்க்கத் தொடங்கும். ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தாலும் இருபது பேர் 1,200 கிலோ. இரும்புச் சரக்கைக் கட்டிவைக்கலாம். யானையைக் கண்டால் எழுந்து ஓடும் சுற்றுலாப் பயணிகளைக் கட்டிவைக்க முடியாது. தேக்கடியில் பயணிகள் விலங்குகளைப் பார்க்க ஒரே பக்கம் திரண்டதாகவே அப்போது செய்திகள் வந்தன. ஆகவே ஆள் எண்ணிக்கை விதியில் பேரத்துக்கு இடமில்லை. மாற்றி எழுதவும் அதில் ஒன்றுமில்லை.

லைஃப் ஜாக்கெட் விதி அப்படிப்பட்டதல்ல. எல்லாரும் எப்போதும் அணிய வேண்டும் என்ற ஒரே வரி உத்தரவு, வெவ்வேறு படகுகளை ஒன்றாகப் பாவிக்கிறது. திறந்த சிறு படகில் அது உயிர் காக்கும். ஜன்னல்கள் அடைத்த அறைக்குள் அமர்ந்தவர் நிலை வேறு: படகு தலைகீழானால் ஜாக்கெட்டே அவரை மேலே அழுத்தி, வெளியேறும் வழிக்கு மூழ்கிச் செல்லவிடாமல் தடுக்கக்கூடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி இதைக் கணக்கில் கொண்டது. ஓடும் உல்லாசப் படகில் 13 வயதுக்கு உட்பட்டோர் அணிந்தே ஆக வேண்டும். தளத்துக்குக் கீழேயோ மூடிய அறையிலோ இருந்தால் விலக்கு.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2005 இறுதியில் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது. 4.8 மீட்டர் வரையிலான உல்லாச இயந்திரப் படகுகளில் ஓடும் நேரமெல்லாம் அணிய வேண்டும். அதைவிடப் பெரியவற்றில் 12 மீட்டர் வரை, ஆபத்து கூடும் வேளைகளில் மட்டும். அதற்கு முன் அணிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஓரிரு ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டோர் அணிந்தனர், நீரில் மூழ்கிய சாவுகளும் குறைந்தன. படகுக்கு ஏற்ற விதி வந்ததும் அதைக் கேட்டவர்கள் பெருகினார்கள். இந்தியாவில் படகு வீடுகளுக்கும் அன்றாடப் பயணப் படகுகளுக்கும் இத்தகைய வகைப்பிரிப்பு தேவை. வலை இழுக்கும் மீனவர்களுக்கு அது மேலும் பொருந்தும். வெயிலில் தடித்த ஜாக்கெட்டுடன் வேலை செய்யச் சொல்வது காகிதத்தில்தான் முடியும். இடுப்பில் கட்டிக்கொண்டு, தேவைப்படும்போது காற்று நிரப்பும் வகை அவர்களுக்கு ஏற்றது. விலைதான் தடை, மானியம் அங்கே பயன்படும்.

அமல்படுத்துவதிலும் இடம் முக்கியம். நடு ஏரியில் படகை மறித்துத் தலை எண்ணுவது நடவாத காரியம். துறையிலேயே பயணச்சீட்டு எண்ணிக்கையோடு கதவை மூடுவது எளிது. ஒகேனக்கல்லில் காவிரியில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்துக்குத் தடை போடும். துறை மூடியிருப்பதால் அந்தத் தடை பெரும்பாலும் செல்லுபடியாகிறது.

இதில் சங்கடமான ஒன்றும் உண்டு. குமரகம் படகு கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறையுடையது. தேக்கடிப் படகு அரசுச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. சான்று தருவதும் படகு ஓட்டுவதும் ஒரே அரசாக இருந்தால், தனியார் உரிமையாளருக்கு விதிக்கும் அபராதத்துக்கு என்ன மரியாதை? ஆய்வாளர், படகை நடத்தும் துறைக்குக் கட்டுப்படாதவராக இருப்பது இதற்குக் குறைந்தபட்சத் தீர்வு.

இயந்திரமில்லாத படகுகளைப் பதிவு செய்யும் பொறுப்பை 2021 சட்டம் உள்ளாட்சி அமைப்புகளிடம் விட்டுள்ளது. துடுப்புப் படகையும் பரிசலையும் சோதிக்கத் தெரிந்த ஆள் ஊராட்சி அலுவலகத்தில் இல்லாத நிலையில், அந்தப் பதிவு பெயர் எழுதிக்கொள்வதோடு நின்றுவிடும். அதற்கான பயிற்சியும் ஆட்களும் மாநில அரசுகள் தர வேண்டியவை.