மால்ட்டுக்கு உரிய வாற்கோதுமை

சுங்காய்க் கடைத்தெருவில் பார்லி என்றால், உடற்சூட்டுக்குக் காய்ச்சிக் குடிக்கும் வெள்ளை மணி என்பதே பொருள். தமிழில் வாற்கோதுமை எனப்படும் இத்தானியம், ரப்பரும் செம்பனையும் செழிக்கும் பேராக் வெப்பத்தில் விளைவதன்று, கப்பலில் வருவது. கடையில் விற்கும் மணி தோல்போகத் தீட்டப்பட்டதாதலால் ஊறவைத்தாலும் முளைக்காது. பீர் வடிப்போர்க்கு வேண்டியதோ முளைக்கும் மணி.

தோட்டத்துக் கள்ளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பாளையில் வடியும் நீரிலேயே சர்க்கரை இருக்கிறது. அது தானே புளித்துவிடும். தானியத்தில் இருப்பதோ மாவுச்சத்து. அதனைச் சர்க்கரையாக்கும் நொதிப்பொருள்கள் மணி முளைக்கும்போதுதான் பெருகுகின்றன. ஆகவே வாற்கோதுமையை இரண்டு நாள் அளவில் ஊறவைத்து, நான்கைந்து நாள் முளைக்கவிட்டு, முளையே மாவைத் தின்று தீர்ப்பதற்குள் சூட்டில் உலர்த்துவர். இதுவே மால்ட். கேழ்வரகை முளைகட்டி அரைத்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சும் தாய்மார் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

இது மேல்நாட்டார்க்கு மட்டும் தெரிந்த வித்தையன்று. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைக் கூறுமிடத்து, அரிசிக்கூழை வாயகன்ற தட்டில் ஆற்றி, நல்லடை கலந்து, இரு பகலும் இரு இரவும் கழியவிட்டுச் சாடியில் முதிரச் செய்யும் முறை வருகிறது. நல்லடை என்பதற்கு முளை எனப் பொருள் கொள்வதுண்டு. அப்படியாயின் அதுவும் ஒருவகை மால்ட்டே.

இனி ரகத்தைக் காண்போம். வாற்கோதுமைக் கதிரின் ஒவ்வொரு கணுவிலும் மும்மூன்று பூக்கள் உண்டு. மூன்றும் மணி பிடித்தால் ஆறுவரிசை. நடுப்பூ மட்டும் பிடித்தால் இருவரிசை. ஆறுவரிசையில் ஓரத்து மணிகள் சிறுத்துக் கோணும். இருவரிசையில் மணிகள் பருத்து ஒரே அளவாக இருக்கும். ஒருங்கே நீர் குடித்து ஒருங்கே முளைக்கும். அரியானாவிலுள்ள கர்னால் ஆராய்ச்சி நிலையத்தின் டி.டபிள்யூ.ஆர்.யூ.பி. 52 இத்தகைய இருவரிசை மால்ட் ரகம்.

இத்தகைய ரகங்களை வசந்தகால வாற்கோதுமை என்பர். ஆனால் வட இந்தியாவில் விதைப்பது நவம்பரில்! பெயர் பருவத்தைக் குறிக்கவில்லை. கதிர்விட நெடுங்குளிர் தேவைப்படாத இயல்பையே குறிக்கிறது. குளிர் கடுமையான ஐரோப்பாவில் இதனைப் பனி நீங்கிய வசந்தத்தில் விதைத்ததால் வந்த பெயர் இது.

நல்ல விதை மட்டும் போதாது. மால்ட்டுக்குப் புரதம் நூற்றுக்கு 9 முதல் 11.5 பங்கு வரை இருப்பது நலம். மிகுந்தால் மாவுச்சத்து குறையும், பீரும் கலங்கும். நெல் உழவனுக்குப் பெருமையான தாராள எரு இங்கே குற்றமாகிறது. தழைச்சத்து ஏறினால் புரதமும் ஏறும். விதைப்புப் பிந்தினாலும் கேடுதான். மார்ச் மாத வெப்பக்காற்றில் மணி சுருங்க, புரதத்தின் பங்கு கூடிவிடுகிறது. கொள்முதலில் அத்தகைய சுமை தேறாது. விளைந்தது அதே ரகம், எடையும் குறையாமல் இருக்கலாம். எனினும் மால்ட் விலை கிட்டாமல் மாட்டுத்தீவன விலைக்கே அது போய்ச் சேரும்.