ஜனவரி 14, படைவீரர்கள் கூடும் நாள்... தாத்தாவுடன் பாட்டியும் போகட்டும்!

போகியோ பொங்கலோ வந்து ஊரே பரபரப்பாக இருக்கும் ஜனவரி 14-ம் தேதிதான் முன்னாள் படைவீரர் தினம். ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே.எம்.கரியப்பா, 1953-ல் ஓய்வுபெற்ற நாள் இது.

முப்படைகளிலும் பணியாற்றியவர்கள் அன்று ஒன்றுகூடுகிறார்கள். போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம், மூத்தவர்களுக்குச் சால்வை, பல வருடங்கள் கழித்துப் பார்க்கும் பழைய நண்பர்களின் அரட்டை எனக் களைகட்டும். இத்தகைய கூட்டங்கள் பலவற்றில், ஓய்வூதியக் குறைகளைக் கேட்க அதிகாரிகளும் வருவார்கள். வீட்டுக்கு மிகவும் பயன்படுவது அந்த மேஜைதான்.

காரணம் இருக்கிறது. மனைவியின் பெயரோ பிறந்த தேதியோ ராணுவ ஆவணத்தில் ஒரு மாதிரியும், ஆதாரில் வேறு மாதிரியும் இருப்பதுண்டு. கணவர் இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. அவர் மறைந்த பிறகு, குடும்ப ஓய்வூதியம் இதனால் தாமதமாகலாம். தனியாக அலைய வேண்டியவர் மனைவிதான். கணவர் இருக்கும்போதே திருத்துவது சுலபம்.

ஆலந்தலை, திருச்செந்தூர் பக்கம் இருப்பவர்கள், தூத்துக்குடியில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதற்கு வழி கேட்கலாம்.

உங்கள் வீட்டுத் தாத்தா சால்வை வாங்கக் கிளம்பினால் பாட்டியையும் அனுப்பிவையுங்கள். பையில் ஓய்வூதிய ஆணையும் இருவரின் ஆதார் அட்டையும் இருக்கட்டும்.