33 லிட்டர் ஊற்றினால் 20 லிட்டர்

வீட்டில் 20 லிட்டர் பீர் காய்ச்ச ஏறத்தாழ 33 லிட்டர் தண்ணீர் வேண்டும். மீதி 13 லிட்டர் எங்கே போகிறது என்பது ஒவ்வொருவர் பாத்திரத்தையும் பொறுத்தது. அதனால்தான் பீர்ஸ்மித், புரூஃபாதர் போன்ற மென்பொருள்கள் முதலில் உங்கள் பாத்திரங்களைப் பற்றி விசாரிக்கின்றன. பலர் அந்தப் பக்கத்தை நிரப்பாமலே தாண்டிவிடுகிறார்கள். மென்பொருளின் உயிர் இருப்பதோ அங்கேதான்.

கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பார்க்கலாம். நொதிக்கும் கலனுக்கு 20 லிட்டர் போக வேண்டும். கொதிகலத்தின் குழாய்க்குக் கீழே 2 லிட்டர் வண்டலோடு தங்கிவிடும். ஆக, மால்ட் எனும் முளைகட்டிய தானியத்தை ஊறவைத்து எடுக்கும் சாறு, ஆறியபின் 22 லிட்டர். கொதிநிலையிலிருந்து ஆறும்போது தண்ணீர் 4 சதவீதம் சுருங்குவதால் சூட்டில் அது 23 லிட்டர். ஒரு மணி நேரக் கொதிப்பில் 4 லிட்டர் ஆவியாகும். 5 கிலோ மால்ட் 5 லிட்டரைக் குடித்துவிடும். ஊறல் கலனின் அடியில் 1 லிட்டர் நிற்கும். கூட்டினால் 33.

இனி இதே பாத்திரத்தில் 40 லிட்டர் காய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். இருமடங்கு, அதாவது 66 லிட்டர் தேவையா? இல்லை, 59 போதும். மால்ட் குடிப்பது எடைக்கேற்பக் கூடும். சுருக்கம் அளவுக்கேற்பக் கூடும். ஆனால் குழாய்க்குக் கீழே தங்குவது அதிகரிக்காது. ஆவியாதலும் அதிகரிக்காது, பாத்திரத்தின் வாயகலமும் அடுப்பின் வேகமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. எனவே ஆவியாதலைச் சதவீதமாகக் குறிப்பது தவறு, மணிக்கு இத்தனை லிட்டர் என்றே குறிக்க வேண்டும்.

இதை அளப்பது எளிது. பாத்திரத்தில் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, ஒரு மரக்குச்சியை நட்டு, நனைந்த இடத்தில் கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். பிறகு, வழக்கமாக வைக்கும் தீயில் வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் அதே குச்சியால் அளக்க வேண்டும்.

வெப்பமும் பாத்திரத்தைக் கேட்டுத்தான் நடக்கிறது. மால்ட்டின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளில் ஒன்று 62 முதல் 65 டிகிரியில் சுறுசுறுப்பாக இருக்கும், இன்னொன்று 70 டிகிரியை ஒட்டி. இரண்டுக்கும் இடையில் 67 டிகிரியை நாம் குறிவைத்தால், 5 கிலோ மால்ட்டை ஊறவைக்கும் 15 லிட்டர் வெந்நீர் ஏறக்குறைய 73 டிகிரியில் இருக்க வேண்டும். அதை 5 கிலோ எடையுள்ள குளிர்ந்த எஃகுக் கலனில் ஊற்றினால், எஃகே ஒன்றரை டிகிரியை இழுத்துக்கொள்ளும். பீர் நினைத்ததைவிட நீர்த்த சுவையில் முடிய இந்த வித்தியாசம் போதும். கலனின் எடையை மென்பொருள் கேட்பது இதற்காகத்தான்.

சில மென்பொருள்களில் ஊரின் உயரத்தையும் குறிக்கலாம். 1978-இல் அமெரிக்க வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கம் தொடங்கப்பட்ட கொலராடோவின் போல்டர் நகரம் 1,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஹாப் பூவின் அமிலங்கள் கசப்பாக மாறுவது அந்தச் சூட்டில் மெதுவாகும். கடலோர ஊர்க்காரர் எழுதிய செய்முறையில் அதே கசப்பு வர, போல்டர்காரர் கூடுதலாக ஹாப் போட வேண்டியிருக்கும்.

கடைசியாகக் கேட்கப்படுவது திறன்: மால்ட்டில் இருக்கும் சர்க்கரையில் எவ்வளவு நொதிகலனுக்கு வந்து சேர்கிறது என்பது. 72 சதவீதத்தை நம்பி எழுதிய செய்முறை, 60 சதவீதமே தரும் கருவிகளில் 1.050 அடர்த்திக்குப் பதில் 1.042-இல் நின்றுவிடும். இந்த எண்ணை ஊகிக்க வழியில்லை. இரண்டு மூன்று முறை காய்ச்சி, ஒவ்வொரு முறையும் ஹைட்ரோமீட்டர் காட்டுவதை எழுதிவைத்து, சராசரியைக் கொடுக்க வேண்டும்.