உடும்பு கொல்லையிலேயே இருக்கட்டும்

திருவதிகையிலிருந்து நெய்வேலிப் பக்கம் போனால் செம்மண் பூமி, முந்திரிக்கொல்லை, ஊடே பலாமரங்கள். பொந்து விழுந்த கிழமரம், கறையான் புற்று, சருகுக்கடியில் வண்டு, புழு என்று உடும்புக்கு வேண்டியதெல்லாம் இங்கே உண்டு. கொட்டை பொறுக்கப் போகும் பிள்ளைகள் கையில் எப்போதாவது ஒரு குட்டி சிக்கிவிடும். ஒரு சாண் நீளம், மேலெல்லாம் வெளிர் மஞ்சள் புள்ளி. "வீட்ல வச்சு வளக்கலாமாப்பா?" என்று பிள்ளை கேட்கத்தான் செய்யும்.

சட்டத்தின் பதில் ஒரே வரிதான்: கூடாது. நம்மூர் உடும்பு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி, யானையோடு இருக்கிறது. பிடித்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் குறைந்தது 25,000 ரூபாய். ஆனால் சட்டம் சொல்வதைவிட உடும்பின் உடம்பு சொல்லும் காரணம்தான் சுவாரசியமானது.

ஓணானைத் துரத்திப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். விலாவை அசைத்து மூச்சிழுக்கும் அதே தசைகள்தான் உடம்பை இடம் வலமாக வளைத்து ஓடவும் வேண்டும். அதனால் வேகமாக ஓடும்போது மூச்சு தடைபடும். உடும்பு இந்தச் சிக்கலைத் தொண்டையால் சமாளிக்கிறது. ஓடிக் களைத்து நிற்கும் உடும்பின் கழுத்தடியைக் கவனித்தால், தோல் உப்புவதும் அடங்குவதுமாக இருக்கும். வாய்க்குள் வந்த காற்றைத் தொண்டைத் தசைகள் சைக்கிள் பம்ப் மாதிரி நுரையீரலுக்குள் தள்ளுகின்றன. ஆப்பிரிக்காவின் சவானா உடும்பை நடைப்பட்டையில் ஓடவிட்டு இதைச் சோதித்த ஆய்வு 1999இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. வாயை மூடவிடாமல் செய்து அந்த பம்ப்பை முடக்கியதும், வேகம் கூடக் கூட அதற்கு மூச்சு போதவில்லை. அதே இனத்தின் நுரையீரலில் காற்று பெரும்பாலும் ஒரே திசையில் சுற்றி வருகிறது என்று யூட்டா பல்கலைக்கழகத்தார் 2013 இறுதியில் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். பறவைக்கும் முதலைக்கும் உள்ள ஏற்பாடு அது.

இவ்வளவும் எதற்கு? அலைவதற்கு. புற்றைக் கிளறி, சருகைப் புரட்டி, பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி வாடை பிடித்து நாளெல்லாம் நடக்கிற பிராணி இது. அப்படி நடக்கச் சூடு வேண்டும். காலையில் வெயில் காய்ந்து உடம்பை 35 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொண்டுவந்த பிறகுதான் அது இரைக்குக் கிளம்பும். சூடு இல்லாவிட்டால் தின்றதும் சரியாகச் செரிக்காது. மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி, மேலே ஒரு பல்பு என்பதெல்லாம் இந்த உடம்புக்கு எந்த மூலைக்கு? குட்டி அப்படியே குட்டியாகவும் இருந்துவிடாது. வாலோடு சேர்த்து ஒன்றே முக்கால் மீட்டர்வரை வளரக்கூடியது.

வெளிநாடுகளில் உடும்பு வளர்ப்பு பெரிய வியாபாரம். ஆஸ்திரேலியாவின் முள்வால் உடும்பு இரண்டடி சொச்சம்தான் என்பதால் அதற்குக் கிராக்கி அதிகம். மலிவாகக் கிடைப்பது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சவானா உடும்பு. அதன் கதைதான் பரிதாபம். கானாவில் இந்த இனத்தை ஆய்ந்த டேனியல் பென்னட், காட்டில் இவை பெரும்பாலும் பூச்சிகளையே தின்கின்றன என்று கண்டார். வளர்ப்பவர்களோ எலியாகப் போட்டார்கள். ஓடவும் இடமில்லை, தோண்டவும் மண்ணில்லை. கொழுப்பு ஏறி அற்பாயுளில் செத்தவை ஏராளம். விவரம் தெரிந்தவர்கள் இன்று ஆழமாக மண் நிரப்பி, விளக்கடியில் 50 டிகிரிக்கு மேல் சூடு வைக்கிறார்கள். அறையையே உடும்புக்கு எழுதிக் கொடுக்கிற கதைதான். இந்தியாவில் இப்படி வெளிநாட்டு உடும்பு வைத்திருப்பவர்கள், 2024இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்தாக வேண்டும்.

மந்தமான பிராணி என்றும் நினைக்க வேண்டாம். கருந்தொண்டை உடும்புக் குட்டிகள் எட்டுக்கு, கதவு வைத்த ஒளிபுகும் குழாய்க்குள் எலியை வைத்துக் கொடுத்தார்கள். எட்டும் பத்து நிமிடத்துக்குள் திறந்துவிட்டன. மறுமுறை இன்னும் சீக்கிரம்! 2008இல் வெளியான ஆய்வு இது.

நம்மிடம் உடும்புக்கு நேர்ந்ததெல்லாம் வேறு. நாக்கைத் தின்றால் காசநோய் போகும், கொழுப்பெண்ணெய் தடவினால் மூட்டுவலி போகும் என்று சொல்லிச் சொல்லியே கொன்றிருக்கிறோம். வடக்கே ஆண் உடும்பின் உறுப்பைக் காயவைத்து, 'ஹத்தா ஜோடி' என்கிற அதிர்ஷ்ட வேர் என்று இணையத்தில் விற்ற மோசடி 2017இல் வெளிச்சத்துக்கு வந்தது. சங்கீதமும் இந்தக் கணக்கிலிருந்து தப்பாது. பண்ருட்டிப் பலாக்கட்டை மிருதங்கத்துக்குப் பேர்போனது. கஞ்சிராவின் வளையமும் பலாமரம்தான். கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை காலத்திலிருந்து அந்த வளையத்தில் இழுத்துக் கட்டியது உடும்புத் தோல். இப்போது ஆட்டுத்தோல் கட்டுகிறார்கள். பழைய நாதம் வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. வராவிட்டால் போகட்டும் என்பது என் கட்சி.

நம்மூர் உடும்பைப் பற்றி ஆதியோடந்தமாக எழுதியவர் அமெரிக்கர் வால்டர் ஆஃபன்பர்க். கொமோடோ தீவில் குடும்பத்தோடு தங்கி அங்குள்ள ராட்சத உடும்புகளை ஆய்ந்தவர். அவருடைய 1994ஆம் ஆண்டு நூலின்படி, நம் உடும்பின் சாப்பாட்டில் வண்டும் பூச்சியுமே பெரும்பங்கு. நண்டு, நத்தை, முட்டை, தவளை அதற்குப் பிறகுதான். கோழிமுட்டை திருடுகிறது என்ற பழியில் உண்மை இருக்கிறது. கோழிக்கூட்டை இரவில் மட்டுமல்ல, பகலிலும் சாத்தி வைப்பது நல்லது. உடும்பு வருவது வெயிலில்தான்.

2011 டிசம்பரில் வந்த தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. பொந்து விழுந்த கிழமரங்களும் அதில் போயின. புதிதாக வைத்த கன்றில் பொந்து விழ வெகுகாலம் ஆகும். அதனால் வேலியோரத்துப் புற்றையாவது இடிக்காமல் விடலாம்.

பிள்ளை கையில் குட்டி ஏற்கெனவே இருந்தால், எடுத்த இடத்திலேயே வெயில் ஏறிய பிறகு விட்டுவிடச் சொல்லுங்கள். குளிர்ந்த உடம்போடு அதனால் ஓடி ஒளிய முடியாது. தூக்கும்போது வாலைப் பிடிக்க வேண்டாம். பல்லிக்கு அறுந்த வால் மறுபடி முளைக்கும்; உடும்புக்கு முளைக்காது.