கேரியரில் ஏறும் கவிழ்ச்சி

மாருதி ஆம்னியைப் பார்க்காத மும்பைவாசி இருக்க முடியாது. பள்ளிக்கூட வேன், ஆம்புலன்ஸ், தாராவியில் சரக்கு வண்டி, இந்திப் படத்தில் ஆள் கடத்துகிறவர்களின் வாகனம் என்று எல்லா வேஷமும் போட்டாயிற்று. 1984இல் 'மாருதி வேன்' என்று வந்து 2019இல் உற்பத்தி நின்ற இந்த வண்டிக்கு இப்போது இன்னொரு வேஷம். பின்சீட்டைக் கழற்றிப் படுக்கை போட்டு, அடுப்பு வைத்து, ஊர் சுற்றும் வீடாக மாற்றுகிறார்கள்.

ஆசை நியாயமானதுதான். ஆனால் வண்டியின் வாகு எளிதில் கவிழக்கூடியது. 796 சிசி என்ஜின் முன்சீட்டுக்கு அடியில், சின்னஞ்சிறு 12 அங்குலச் சக்கரங்கள், அகலத்தைவிட உயரம் அதிகம்.

இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துப் பார்த்தால் வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பது தெரியும். எண் குறையக் குறைய ஆபத்து. ஆம்னிக்குச் சக்கர இடைவெளி ஏறக்குறைய 120 செ.மீ., எடை சுமார் 800 கிலோ. ஈர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால் விடை 1. இனி கூரைமேல் கேரியரில் 80 லிட்டர் தண்ணீர் டிரம்மை ஏற்றுங்கள். 170 செ.மீ. உயரத்தில் 80 கிலோ! ஈர்ப்பு மையம் 70 செ.மீ.க்கு ஏறிவிடும், விடை 0.86. அதே டிரம்மைப் படுக்கைக்கு அடியில் தரையோடு வைத்தால் 1.03. பைசா செலவில்லை.

இது காகிதக் கணக்கு. கண்டாலா காட் வளைவில் ஸ்பிரிங் அமுங்கும், டயர் நெளியும், உடம்பு சாயும்; மிச்சமிருக்கும் பாதுகாப்பு இன்னும் குறையும்.

பாரத்தைப் பின்கதவோரம் குவிப்பது இன்னொரு வம்பு. ஈர்ப்பு மையம் பின்னால் போய்விட, பக்கக் காற்று மூக்கைத் தள்ளும். ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே போக வேண்டியதுதான். பின்பக்கம் தொங்குகிறதே என்று பட்டை ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பவர்கள் உண்டு. தொங்கல் நிற்கும், ஆனால் பின்பக்கம் அளவுக்கு மீறி விறைத்தால், மழைக்கால வளைவில் பின்சக்கரம்தான் முதலில் வழுக்கும்.

பெரிய கம்பெனிகளும் இதில் அடிபட்டவைதான். 1950இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோம்பி வேனில், வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். 1968 மாடலில் பின் அச்சின் அமைப்பையே மாற்றினார்கள். 1997இல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்றின் சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. சஸ்பென்ஷனைத் திருத்தி, டயரை அகலமாக்கி, மின்னணுக் கட்டுப்பாடும் சேர்த்த பிறகே அது மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

கராஜில் அதெல்லாம் நடக்காது. வண்டியின் அமைப்பை மாற்ற ஆர்டிஓ அனுமதியும் வேண்டும். தேய்ந்த ஷாக் அப்சார்பர், நைந்த ரப்பர் புஷ் இரண்டையும் மாற்றுவது, டயர் சூடாவதற்கு முன்பே காற்றை அளப்பது என்று தொடங்கலாம். சாமான் முழுவதையும் ஏற்றியபின் எடைமேடையில் முதலில் முன்சக்கரங்களை மட்டும், பிறகு பின்சக்கரங்களை மட்டும் நிறுத்திப் பார்த்தால், எந்தப் பெட்டியை முன்னுக்கு நகர்த்துவது, எதை வீட்டிலேயே விட்டுவிடுவது என்பது ரசீதிலேயே தெரிந்துவிடும்.