தகரப் பெட்டியில் இருபத்து மூன்று வருஷங்கள்

மும்பையில் உத்தியோகம் பார்த்தவனுக்கு ஓய்வு என்றால் என்னவென்று முதலில் சொல்லித் தருவது லோக்கல் ரயில்தான். முப்பத்தாறு ஆண்டுகள் சயானில் காலை 8.22 வண்டியைப் பிடித்தவன் நான். 2005 மார்ச் மாதத்தோடு வேலை முடிந்தது. மறுநாளும் ஏழு மணிக்கே குளித்து, நெற்றிக்கு இட்டுக் கொண்டு, செருப்பை மாட்டியபடி வாசலில் வந்து நின்றேன். போவதற்கு இடம் இல்லை. உள்ளேயிருந்து மனைவி, "எங்கே கிளம்பிட்டேள்?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக் கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வது சுலபம். பத்துக்குப் பத்தில் இரண்டு அறை உள்ள வீட்டில் தோட்டமா போட முடியும்? ஆனாலும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். எங்கள் கட்டடத்திலேயே ஒருவர் பழைய சுவர்க் கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுகிறார். நான்கு கடிகாரங்கள் ஓடுகின்றன. நான்கும் நான்கு மணி காட்டுகின்றன. அவருக்கு அதில் மனக்குறையே கிடையாது. செம்பூரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் எண்ணெய் டின்களில் கறிவேப்பிலை வளர்த்து, மாடிக்கு மாடி விநியோகம் செய்கிறார். எனக்கு அப்படிக் கைவேலை எதுவும் தெரியாது. தெரிந்தவை டைப்பும் சுருக்கெழுத்தும். இரண்டுக்கும் இன்று கேட்பாரில்லை.

என்னிடம் இருந்தது கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. 1968-ல் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து அதைத் தூக்கிக் கொண்டுதான் பம்பாய்க்கு ரயிலேறினேன். அதன்பின் ஊரிலிருந்து வந்த கடிதங்கள், 1991-ல் அம்மா காலமாகும் வரை வந்தவை எல்லாம், அதற்குள்தான் போயின. வாசித்து, பதில் எழுதி, பெட்டியில் போட்டதோடு சரி. மறுபடி எடுத்துப் பார்த்ததில்லை.

மழை திறந்த பெட்டி

நான் ஓய்வு பெற்ற நான்காம் மாதம், 2005 ஜூலை 26-ந் தேதி, இந்த நகரம் மறக்க முடியாத மழை பெய்தது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர். எங்களுடையது தரைத்தளம். ராத்திரி பத்து மணிக்குக் கட்டில் சட்டம் வரை தண்ணீர். பெட்டியைத் தூக்கி அலமாரி மேல் வைத்தபோது அதன் மூலைகளில் தண்ணீர் சொட்டியது.

மறுநாள் வீடு முழுக்கக் கொடி கட்டி, துணி உலர்த்தும் கிளிப் போட்டுக் காகிதங்களைத் தொங்கவிட்டோம். அப்போது பட்டுத் தெரிந்து கொண்டவற்றைச் சொல்கிறேன்; மழைக்காலம் வருஷந்தோறும் வருகிறதே. நனைந்த கடிதத்தை வெயிலில் காய வைத்தால் அப்பளம் போல் வளைந்து கொள்ளும். நிழலில், மின்விசிறிக் காற்றில், இடையிடையே வெற்றுத் தாள் வைத்து உலர்த்த வேண்டும். போட்டோக்கள் விஷயம் இதற்கு நேர் எதிர். ஒன்றோடொன்று ஒட்டியபடி அவற்றை உலர விட்டால் பிறகு உரிக்கவே முடியாது. ஈரம் இருக்கும்போதே, நல்ல தண்ணீரில் போட்டு மெதுவாகப் பிரிக்க வேண்டும். இது தெரியாமல் என் தங்கையின் கல்யாணப் படங்களில் பாதியை இழந்தேன்.

இன்னொன்றும் தெரிந்தது. அப்பா எழுதியது மைப் பேனாவில். பெட்டியின் அடியில் கிடந்த அவருடைய கடிதங்கள் பல வெறும் நீலக் கறையாகிவிட்டன. அம்மா எழுதியது பால் பேனாவில். அதில் ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. அந்தக் காலத்தில் பால் பேனாவில் எழுதுவது மரியாதைக் குறைவு என்பது அப்பாவின் அபிப்பிராயம்.

உலர்ந்ததையெல்லாம் மறுபடி பெட்டியில் போட்டு மூடினேன். 2020-ல் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டபோதுதான் அதைத் திரும்பத் திறந்தேன்.

துப்பறியும் வேலை

கடிதங்களை வரிசைப்படுத்துவது துப்பறியும் கதை படிப்பதற்குச் சமம். முத்திரையில் தேதி தெளிவாக இருந்தால் கவலையில்லை. அழிந்து போயிருந்தால் விலாசத்தைப் பார்க்க வேண்டும். "பம்பாய்-19" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது 1972-க்கு முந்தியது. நான் மாதுங்காவில் அறையெடுத்திருந்த காலம். அந்த ஆண்டு ஆகஸ்டு 15-ல்தான் ஆறு இலக்கப் பின்கோடு வந்தது. பழைய 19 மறையவில்லை. 400019 என்று வாலில் ஒட்டிக் கொண்டது. அனுப்புநர் விலாசத்தில் "மதராஸ் ஸ்டேட்" என்று இருந்தால் 1969 பொங்கலுக்கு முந்தியது என்று வைத்துக் கொள்ளலாம். (அப்பா மட்டும் பழக்கத்தில் மேலும் ஓராண்டு அப்படியே எழுதியிருக்கிறார். மனிதர்கள் அரசாங்க உத்தரவுப்படி மாறுவதில்லை.)

எழுத்தும் ஒரு சாட்சி. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்யும் வரை "லை", "னை" முதலியவற்றுக்குத் துதிக்கை போன்ற கொம்பு இருந்தது. என் பெற்றோர் கடைசி வரை கொம்போடுதான் எழுதினார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த இளைஞர்களே அந்த எழுத்தைக் கண்டால் ஒரு கணம் விழிக்கிறார்கள்.

ஆனால் நம் வீடுகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? என் பேரனுக்கு வயது பதின்மூன்று. இங்கிலீஷ் மீடியம். ஹிந்தி, மராத்தி இரண்டும் எழுதுவான். தமிழ் பேசுவான், ஓர் எழுத்து படிக்கமாட்டான். குற்றம் அவனுடையதல்ல. அவன் அப்பாவுக்குச் சொல்லித் தராமல் விட்டவன் நான்தான். ஓவர்டைம், ரயில், அசதி என்று காரணங்கள் இருந்தன. நான் போனபின் இந்தப் பெட்டி கிலோ இத்தனை ரூபாய் என்று ரத்திக்காரனிடம் போகும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

சேர்த்து வைத்தவையெல்லாம் அப்படிப் போய்விடுவதில்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஆயுள் முழுவதும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. என் பெட்டிக்கு அந்தப் பாக்கியம் வராது. அதில் இருப்பதெல்லாம் எருமை கன்று போட்ட சேதியும் வாய்க்காலில் தண்ணீர் வந்த சேதியும்.

கையெழுத்து மாறிய இடம்

பேரனை உதவிக்குக் கூப்பிட்டதற்குக் காரணம் என் கண். விலாசமும் முத்திரையும் இங்கிலீஷில் இருப்பதால் அவன் தேதிவாரியாக அடுக்கித் தருவான். நான் உள்ளே இருப்பதை வாசிப்பேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு கடிதம் என்று கணக்கு. போட்டோக்களின் முதுகில் பெயர்களையும் அவனே எழுதுகிறான், மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பேனா என்றால் மை மறுபக்கம் ஊறும். அழுத்தி எழுதினால் முகத்தில் தழும்பு விழும். பிளாஸ்டிக் தாள் போட்ட, பசை தடவிய ஆல்பங்களிலிருந்து படங்களை எடுத்துக் காகித உறைகளில் போட்டுவிட்டோம். அந்தப் பசை படத்தைத் தின்றுவிடும்.

சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1974-ஆம் ஆண்டுக் கட்டை அடுக்கிக் கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "தாத்தா, இங்கேருந்து வேற யாரோ எழுதறாங்க" என்றான். ஒரு கையில் ஏப்ரல் மாதக் கடிதம், மறு கையில் ஜூன் மாதக் கடிதம். "நடுவிலே மே மாசம் ஒண்ணுமே இல்லை. தொலைஞ்சு போச்சா?"

தொலையவில்லை. ஏப்ரல் கடிதம் வரை எழுதியவர் அப்பா. அம்மா அடியில் ஒரு வரி சேர்ப்பாள், அவ்வளவுதான். ஜூனிலிருந்து முழுக் கடிதமும் அம்மா. நடுவில் வந்தது ஒரு தந்தி, அப்புறம் ஒரு கார்டு. சாவுச் சேதி கொண்டு வந்த காகிதத்தை வீட்டில் வைத்துக் கொள்ளக் கூடாது, படித்தவுடன் கிழித்துவிட வேண்டும் என்பது நம் வழக்கம். கிழித்தேன். அதனால் என் பெட்டியில் எருமை கன்று போட்டது இருக்கிறது. அப்பா இறந்தது இல்லை.

அந்த மே மாதம் 8-ந் தேதி தொடங்கி 27-ந் தேதி வரை நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம். தந்தி வந்தது அதற்கு நடுவில். வி.டி. ஸ்டேஷனுக்கு ஓடினேன், ஊருக்குப் போக வழியில்லை என்று திரும்பி வந்தேன். காரியங்கள் எல்லாம் முடிந்தபின்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "ரயில் இல்லை" என்று எல்லோரிடமும் சொன்னேன். என் மனைவியிடமும் அதையே சொன்னேன்.

பேரனிடமும் அதையே சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்து, "பஸ் இல்லையா தாத்தா?" என்றான்.

இருந்தது. பூனா, கோலாப்பூர், பெங்களூர், மதுரை என்று மாறி மாறிப் போயிருக்கலாம். இரண்டு மூன்று நாள் பிடித்திருக்கும். தகனத்துக்குக் கிடைக்காவிட்டாலும் பதினாறாம் நாளுக்குப் போயிருக்கலாம். வேலையில் சேர்ந்து ஆறு வருஷம். உத்தியோக உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஸ்டேஷனில் வழியில்லை என்றவுடன் எனக்கு ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது. இதை ஐம்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஜூன் கடிதத்தை வாசிக்கச் சொன்னான். "நீ மனசிலே ஒன்றும் வைத்துக் கொள்ளாதே. சாப்பாடு வேளைக்கு நடக்கட்டும்" என்று அம்மா எழுதியிருந்தாள்.

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் 1940-ல், எண்பத்தைந்தை நெருங்கும் வயதில், ஆனந்த விகடனில் தம் வாழ்க்கைக் கதையைத் தொடராக எழுதத் தொடங்கினார். 1942-ல் அவர் காலமானபோதும் அது முடியவில்லை. எனக்கு வயது எழுபத்தெட்டு. அவரோடு ஒப்பிட்டுக் கொள்ள ஒன்றுமில்லை. எழுத உட்கார வயது தாண்டிவிடவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

அன்று பேரன் ஒரு வெற்று உறையை எடுத்து, மேலே "மே 1974" என்று பென்சிலால் எழுதி, ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் செருகினான். "இதுக்குள்ளே என்ன வைக்கிறது, நீங்கதான் எழுதணும்" என்றான். எழுதிக் கொண்டிருக்கிறேன். தினம் காலை காப்பிக்குப் பிறகு அரைப் பக்கம். தமிழில் எழுதுகிறேன், அவனுக்கு வாசித்துக் காட்டுகிறேன், அவன் அதைத் தன் டெலிபோனில் பதிவு செய்து கொள்கிறான். இதுவரை நான்கு பக்கம் ஆகியிருக்கிறது. ரயில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை.