கார் ரிமோட் சாவி வேலை செய்யலையா? புதுச் சாவிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

காலை நேரம், தோப்பும்படியில் ஜூன் மாத மழை. பிஓடி பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்பதற்கு முன் கிளம்பினால்தான் காக்கநாட்டில் இருக்கும் ஆபீஸுக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியும். கார் பக்கத்தில் நின்று சாவியில் பட்டனை அழுத்துகிறீர்கள். விளக்கு மின்னவில்லை, கதவும் திறக்கவில்லை. இந்த நிலைமை யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்.

அடுத்த நிமிடமே பலரும் டோ வண்டியைக் கூப்பிடுவது அல்லது புதுச் சாவிக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிப்பது என்று இறங்கிவிடுகிறார்கள். புது ஸ்மார்ட் கீ என்றால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். ஆனா பெரும்பாலான நேரங்களில் தேவைப்படுவது, பொதுவாக நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பட்டன் பேட்டரி மட்டும்தான். அந்த பேட்டரி சுத்தமாகத் தீர்ந்துபோனாலும் உங்கள் காரைத் திறக்கலாம், ஸ்டார்ட்டும் செய்யலாம். எப்படி?

ஒரே உறைக்குள் மூன்று சாவிகள்

உங்கள் கையில் இருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்றையொன்று நம்பியிராத மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, பழைய மாதிரி உலோகச் சாவி. மடக்கு சாவியில் இது வெளியே தெரியும். ஸ்மார்ட் கீயில் உள்ளே ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, ரேடியோ ரிமோட். பட்டனை அழுத்தினால் சிக்னல் அனுப்புவது இதுதான். இந்தியாவில் விற்கப்படும் கார்களில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இதற்கு பேட்டரி கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, இம்மொபிலைசர் சிப். 'இது இந்தக் காரின் சாவிதான்' என்று எஞ்சினுக்குச் சாட்சி சொல்வது இது. இதற்கு பேட்டரியே தேவையில்லை. மெட்ரோ கார்டைக் கேட்டில் தட்டும்போது அதற்குள் பேட்டரி இல்லாமலேயே வேலை நடக்கிறதே, அதே தத்துவம்தான். காரில் இருக்கும் கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே இந்த சிப் தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. கிட்டத்தட்ட ஒட்டினாற்போலக் கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, பேட்டரி போனால் இந்த மூன்றில் போவது இரண்டாவது மட்டும்தான். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும்.

கோளாறு எங்கே? மூன்று சோதனைகள்

1. வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்துப் பாருங்க. அது வேலை செய்தால் பிரச்சனை முதல் சாவியில். இரண்டுமே வேலை செய்யவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது காரின் 12 வோல்ட் பேட்டரியை. உள்விளக்கு மங்கலாக எரிகிறதா, ஹாரன் சத்தம் குறைந்திருக்கிறதா என்று பாருங்க.

2. தூரத்தைக் கவனியுங்க. முன்பு பத்து மீட்டர் தள்ளி நின்றாலே திறந்த கார், இப்போது கதவை ஒட்டி நின்றால்தான் திறக்கிறதா? நாலு முறை அழுத்தினால் ஒருமுறை வேலை செய்கிறதா? இது பேட்டரி தீரப்போவதற்கான அடையாளம். பல கார்களில் டேஷ்போர்டிலேயே எச்சரிக்கை வரும். அதைத் தள்ளிப்போடாதீங்க.

3. இடத்தை மாற்றிப் பாருங்க. சாவியை மொபைலோடு ஒரே பாக்கெட்டில் வைத்திருந்தால் தனியே எடுங்க. வயர்லெஸ் சார்ஜர் பக்கத்தில் இருந்தால் தள்ளி வைங்க. சுற்றுப்புறத்தில் வேறு ரேடியோ சிக்னல் குறுக்கிட்டாலும் சாவி ஊமையாகிவிடும். 2019-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்த் ஓல்ம்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு பகுதி முழுக்கக் கார் ரிமோட்டுகளும் கராஜ் கதவு ரிமோட்டுகளும் செயலிழந்தன. வாரக்கணக்கில் தேடியபின் தெரிந்தது, ஒரு வீட்டில் இருந்தவர் தானே செய்து வைத்திருந்த சின்னக் கருவி அதே அலைவரிசையில் ஓயாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது! ஒரு குறிப்பிட்ட பார்க்கிங்கில் மட்டும் உங்கள் சாவி மக்கர் பண்ணினால், குற்றவாளி சாவியாக இல்லாமலும் இருக்கலாம்.

இப்போதே கிளம்பணும்னா?

ஸ்மார்ட் கீயின் பக்கவாட்டிலோ பின்னாலோ ஒரு சின்ன விசை இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளிருக்கும் உலோகச் சாவி வெளியே வரும். ஓட்டுநர் கதவில் அதைப் போட்டுத் திறங்க. சில மாடல்களில் சாவித் துளை கைப்பிடியின் மூடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். இப்படித் திறக்கும்போது அலாரம் அலறலாம், பதற வேண்டாம். கார் சாவியை அடையாளம் கண்டுகொண்டதும் நின்றுவிடும்.

அடுத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு (மேனுவல் கியர் என்றால் கிளட்சையும்) சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே வைத்து அழுத்துங்க. பல கார்களில் இதுவே போதும். சில மாடல்களில் சாவியை வைக்க கப் ஹோல்டரிலோ நடுக் கன்சோலிலோ தனி இடம் இருக்கும். கையேட்டில் 'சாவி பேட்டரி தீர்ந்தால்' என்ற பக்கத்தில் உங்கள் காருக்கான இடம் எது என்று போட்டிருக்கும். சாவியைப் போட்டுத் திருகும் கார் என்றால் இந்தச் சிக்கலே கிடையாது, வழக்கம்போல ஸ்டார்ட் செய்யலாம்.

பேட்டரி மாற்றுவது எப்படி?

முதலில் எண்ணைப் பாருங்க. பரவலாகப் பயன்படுவது சிஆர்2032. இந்த எண்ணே அளவைச் சொல்லிவிடும்: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். சிஆர்2025 என்றால் தடிமன் 2.5, சிஆர்1632 என்றால் விட்டம் 16. எல்லாமே 3 வோல்ட்தான். ஆனா 2032 இருக்கும் இடத்தில் 2025-ஐப் போட்டால் லூசாக ஆடும், காண்டாக்ட் விட்டு விட்டுத்தான் கிடைக்கும்.

* உலோகச் சாவியை வெளியே எடுத்ததும் தெரியும் இடுக்கில், துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவரையோ நாணயத்தையோ வைத்து மெதுவாகத் திருப்புங்க. மூடி 'டக்'கென்று பிரியும்.
* பழைய பேட்டரியின் கூட்டல் குறி மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. பலரும் தவறுவது இங்கேதான்.
* சர்க்யூட் போர்டில் விரல் படாமல் பேட்டரியை நெம்பி எடுங்க. புதியதை விளிம்பில் பிடித்து வைங்க. இரண்டு பக்கமும் சேர்த்து உலோக இடுக்கியால் பிடித்தால் ஷார்ட் ஆகிவிடும்.
* புது பேட்டரியை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைங்க. குழந்தைகள் வாயில் போடாமல் இருக்கச் சில பிராண்டுகளில் கசப்புப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு காண்டாக்டைத் தடுக்கலாம் என்று தன் ஏர்டேக் கருவிக்காக ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது.
* ரப்பர் வளையம் இருந்தால் அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூடுங்க. தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அதுதான்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பழைய பேட்டரி 3 வோல்ட் காட்டுகிறது என்பதற்காக அது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். வயதான பேட்டரியில் உள்தடை கூடிவிடும். சும்மா இருக்கும்போது நல்ல அளவைக் காட்டும், பட்டனை அழுத்தியதும் சரிந்துவிடும்.

ஏன் சீக்கிரம் தீருது?

ஒரு சின்னக் கணக்கு. சிஆர்2032-ன் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. 5,000 மில்லி ஆம்பியர் மணி இருக்கும் மொபைல் பேட்டரியில் இது ஏறத்தாழ 23-ல் ஒரு பங்குதான். இரண்டு வருடம் என்பது 17,520 மணி நேரம். வகுத்துப் பார்த்தால், அந்த இரண்டு வருடத்தை ஓட்ட சாவி சராசரியாக 12.5 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே எடுக்கலாம். அதாவது ஒரு ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம்.

இவ்வளவு இறுக்கமான பட்ஜெட்டில் சின்னச் செலவும் பெரிய செலவுதான். ஸ்மார்ட் கீ சும்மா தூங்குவதில்லை. கார் அனுப்பும் அழைப்புக்குக் காது கொடுத்தபடியே இருக்கும். காரை நிறுத்திய சுவருக்குப் பின்னாலேயே சாவி ஆணி இருந்தால், சில மாடல்களில் இரண்டும் இரவு முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். சாவியைக் காரிலிருந்து சில மீட்டர் தள்ளி வைப்பது நல்லது. சாவியின் சிக்னலை நீட்டித்துக் காரைத் திருடும் 'ரிலே' முறைக்கும் அது ஒரு தடை.

மாற்றியும் வேலை செய்யலையா?

பேட்டரியைக் கழற்றினால் சாவியின் பதிவு அழிந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. அந்த விவரம் மின்சாரம் இல்லாமலும் நிற்கும் நினைவகத்தில் இருக்கிறது. ஆனா ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சாவி புதிய குறியீட்டை அனுப்புகிறது, காரும் அதே வரிசையில் எண்ணிக்கொண்டு வருகிறது. கார் பக்கத்தில் இல்லாதபோது குழந்தை பட்டனை விளையாட்டாக அழுத்திக்கொண்டே இருந்தால் இந்த எண்ணிக்கை விலகிப்போகும். பல மாடல்களில் இக்னிஷனை ஆன் செய்து லாக் பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும். அதற்கான முறை கையேட்டில் இருக்கும்.

அடுத்த சந்தேகம் ஈரம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால், கொச்சியில் சுமார் 3,000. தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகமும் காயலும் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் உப்பும் உண்டு. மூடியைத் திறந்ததும் காண்டாக்ட் தகடுகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிடுங்க. சாவி தண்ணீரில் விழுந்தால் முதல் வேலை பேட்டரியை எடுப்பது. பேட்டரி உள்ளே இருக்கும்வரை அரிப்பு வேகமாகும். அரிசி டப்பாவில் புதைப்பதால் உப்பு போகாது.

இதற்குப் பிறகும் பலன் இல்லை என்றால், பட்டனுக்குக் கீழே இருக்கும் சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். சாவி பழுது பார்க்கும் கடையில் அதை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்க. புதுச் சாவி கடைசி வழிதான்.

பழைய பேட்டரியை அப்படியே மேஜையில் விடாதீங்க

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். சாவிக்கு உதவாத பேட்டரியிலும் ஒரு குழந்தையின் உணவுக்குழாயைப் புண்ணாக்கப் போதுமான மின்சாரம் இருக்கும். 20 மில்லிமீட்டர் பேட்டரி அங்கே சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான ரசாயனக் காயம் ஏற்படலாம். ரிமோட்டிலிருந்த பட்டன் பேட்டரியை விழுங்கி 2020-ல் இறந்த ஒன்றரை வயதுக் குழந்தை ரீஸின் பெயரில்தான் அமெரிக்கா 2022-ல் 'ரீஸ் சட்டம்' கொண்டுவந்தது. குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுங்க.

தீர்ந்த பேட்டரியின் இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்பில் கொடுங்க. பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ன் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. சமையலறைக் குப்பையோடு சேர்த்தால் அது போய்ச் சேரும் இடம் குப்பைமேடு. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்தபோது பத்து நாளுக்கும் மேலாகப் புகையைச் சுவாசித்த ஊர் இது. அங்கே என்ன போய்ச் சேர்கிறது என்பதில் நமக்கும் பங்கு உண்டு.

இந்த வார இறுதியில் பத்து நிமிடம் ஒதுக்குங்க. உலோகச் சாவியை வெளியே எடுத்து ஒருமுறை கதவைத் திறந்து பாருங்க. பேட்டரி எண்ணைக் குறித்துக்கொண்டு ஒன்றை வாங்கி, பாக்கெட் பிரிக்காமல் வீட்டில் வைங்க. காருக்குள் வைத்துவிடாதீங்க, கதவு திறக்காத நாளில்தான் அது தேவைப்படும்.